பிக்கப் வண்டியின் பின்பக்கத்தை உயர்த்த பிளாக் வைப்பது எப்படி

அமெரிக்காவில் பிக்கப் வாங்கும் பலர் முதல் வேலையாக முன்பக்கத்தை இரண்டு அங்குலம் உயர்த்திவிடுவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் ஒரு சனிக்கிழமை தோட்டத்துக்குப் பத்து மூட்டை மண் ஏற்றி வருவார்கள். பின்பக்கம் உட்கார்ந்து மூக்கு வானத்தைப் பார்க்கும், எதிரே வருகிறவர் கண்ணில் ஹெட்லைட் அடிக்கும். சுமை இல்லாதபோது பின்பக்கம் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் தூக்கலாக நிற்கும்படிதான் கம்பெனியில் செய்து அனுப்புகிறார்கள். சுமை ஏறியதும் வண்டி சமமாக வரவேண்டும் என்பது கணக்கு. முன்பக்கத்தை உயர்த்தினால் அந்தக் கணக்கு போய்விடுகிறது. அதைத் திரும்பக் கொண்டுவரச் செலவு குறைந்த வழி, பின்பக்க ஹவுசிங்குக்கும் (இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் ஆக்சில் கூடு) கமான் பட்டைக்கும் (லீஃப் ஸ்பிரிங்) நடுவில் ஒரு பிளாக் வைப்பது.

என்னிடம் இருப்பது 2012 டொயோட்டா டகோமா, நான்கு சக்கர இழுவை. டெக்சாஸில் வீட்டு வாசலில் வைத்து நானும் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு தம்பியும் சேர்ந்து இந்த வேலையைச் செய்தோம். பிறகு நண்பர்கள் வண்டிகளிலும் செய்திருக்கிறேன். ஃபோர்டு எஃப்-150, செவ்ரோலே சில்வராடோ 1500 என்று பின்னால் கமான் பட்டை இருக்கும் எந்த வண்டிக்கும் முறை ஏறக்குறைய இதேதான். ராம் 1500 வைத்திருப்பவர்களுக்கு இது உதவாது. 2009 மாடலிலிருந்து அதன் பின்பக்கம் காயில் ஸ்பிரிங்.

குனிந்து இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கமான் பட்டை ஹவுசிங்குக்கு மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். கீழே தொங்கும் அமைப்பாக இருந்தால், நடுவில் வைக்கும் பிளாக் வண்டியை உயர்த்தாது, இறக்கிவிடும்.

பிளாக் என்ன செய்யும், என்ன செய்யாது

பிளாக் என்பது செங்கல் மாதிரி ஓர் உலோகக் கட்டி, அவ்வளவுதான். அடியில் ஒரு பின் (ஆணி மாதிரி ஒரு முளை) நீட்டிக்கொண்டிருக்கும், மேலே ஒரு குழி இருக்கும். கமான் பட்டைகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும் சென்டர் போல்ட்டின் தலை, வழக்கமாக ஹவுசிங் மேலே உள்ள மேடையின் துளையில் உட்கார்ந்திருக்கும். பிளாக் வைத்த பிறகு அந்தத் தலை பிளாக்கின் குழியில் உட்காரும், பிளாக்கின் பின் மேடையின் துளையில் உட்காரும். இவை எல்லாவற்றையும் சுற்றி வளைத்து இறுக்குவது பக்கத்துக்கு இரண்டு யூ போல்ட்.

புதிதாகச் செய்கிறவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. பின் இருக்கிறதே, அது பிளாக்கைப் பிடித்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். அந்தப் பின் இருப்பது இடத்தைக் காட்டத்தான். ஒவ்வொரு முறை ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் ஹவுசிங் ஒரு பக்கம் முறுக்கும், பிரேக் போடும்போது எதிர்ப்பக்கம் முறுக்கும். அந்த முறுக்கைத் தாங்குவது யூ போல்ட்டின் இறுக்கமும், அந்த இறுக்கத்தால் பட்டையும் பிளாக்கும் மேடையும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் உராய்வும்தான். இறுக்கம் தளர்ந்தால் முழு பாரமும் அந்தச் சின்னப் பின்மேல் வரும். ரொம்ப நாள் தாங்காது.

சுமை தாங்கும் திறன் பிளாக்கால் ஒரு கிலோ கூடாது. பட்டை பழைய பட்டைதான், உயரம் மட்டும்தான் கூடியிருக்கிறது. டிரெய்லர் இழுக்கும்போது பின்பக்கம் தொங்குகிறது என்பது உங்கள் குறை என்றால், பட்டை சேர்ப்பது, புதிய பட்டை செட் போடுவது, காற்றுப் பை வைப்பது என்று போங்கள்.

எவ்வளவு உயரம்

முதலில் அளவு எடுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் சாமான் எதுவும் இல்லாமல், டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடியுங்கள். நான்கு அளவையும் எழுதி வையுங்கள். டயர் தேய்ந்திருந்தாலும் மாறாத அளவு இது. தரையிலிருந்து எடுத்தால் டயரும் கணக்கில் வந்துவிடும்.

பின்பக்கம் கணக்கு நேரானது. ஓர் அங்குல பிளாக் வைத்தால் வண்டி ஓர் அங்குலம் உயரும். முன்பக்கம் அப்படி இல்லை. ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த பாகம்) மேல் வைக்கும் ஸ்பேசர், சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கட்டுப்பாட்டுக் கையின் நெம்புகோல் கணக்கால், தன் தடிமனைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உயர்த்தும். இது தெரியாமல் முன்பக்க ஸ்பேசரின் தடிமனைப் பார்த்து அதே அளவில் பின்பக்க பிளாக் வாங்கியவர்கள் உண்டு.

முதல் தடவை செய்கிறவர் ஓர் அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் நின்றுகொள்ளுங்கள் என்பேன். அந்த அளவில் பெரும்பாலும் பழைய ஷாக் அப்சார்பரும் பிரேக் ஹோஸும் போதும். மூன்று அங்குலத்துக்குப் போனால் நீளமான ஷாக், ஜாயிண்ட் ஷாஃப்டின் (முன்னாலிருந்து ஹவுசிங்குக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் தண்டு) கோணம், பம்ப் ஸ்டாப் (ஹவுசிங் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) என்று வேலை விரியும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் வளைவு கூடிய புதிய பட்டை செட் போடுவதுதான் முறை. பிளாக் உயர உயர, ஹவுசிங் பட்டையை முறுக்கும் நெம்புகோல் நீளமாகிறது. கிளம்பும்போது பட்டை நெளிந்து பின்பக்கம் குதிப்பதற்குக் காரணம் அதுதான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

வார்ப்பு இரும்பு, தகட்டை வெல்டிங் செய்தது, கட்டி அலுமினியம் என்று பலவிதமாக பிளாக் கிடைக்கும். உங்கள் வண்டி மாடலுக்கென்றே செய்த, யூ போல்ட்டோடு சேர்ந்து வரும் கிட் வாங்குங்கள். பட்டையின் அகலமும் பிளாக்கின் அகலமும் ஒத்துப்போக வேண்டும். பின்னின் விட்டம் மேடைத் துளைக்குச் சரியாக இருக்க வேண்டும். துளை பெரிதாகவும் பின் சிறிதாகவும் இருந்தால் ஹவுசிங் சற்றுக் கோணலாக உட்கார்ந்துவிடும். மரக்கட்டையை யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். மரம் காய்ந்து சுருங்கும், சுருங்கினால் இறுக்கம் போச்சு.

ஒன்றின்மேல் ஒன்று அடுக்குவது கூடவே கூடாது. நான்கு சக்கர இழுவை எஃப்-150 பலவற்றில் கம்பெனியிலிருந்தே ஒரு சின்ன பிளாக் வரும். கூடுதல் உயரம் வேண்டுமென்றால் அதை எடுத்துவிட்டு ஒரே உயரமான பிளாக் வைக்க வேண்டும். என் நண்பர் ஒருவர் வண்டியில், வேலை செய்த கடைக்காரர்கள் பழையதை விட்டுவிட்டு அதன்மேல் புதியதை வைத்து அனுப்பிவிட்டார்கள். சில மாதம் ஓடியது. ஒருநாள் டிரெய்லரோடு நெடுஞ்சாலையில் ஏறும்போது அடியில் தட் என்று ஒரு சத்தம். ஓரங்கட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். போய்ப் படுத்துப் பார்த்தேன். இரண்டு பிளாக்கும் சேரும் இடத்தில் பளபளவென்று உரசல், மேல் பிளாக் விரற்கடை அளவுக்கு முன்னால் வழுக்கியிருந்தது, யூ போல்ட்டை என்னால் கையால் ஆட்ட முடிந்தது. வீட்டில் மனைவியும் பிள்ளையும் காத்துக்கொண்டிருந்த மனிதர். அன்றைக்கு அவர் இன்னும் பத்து மைல் அப்படியே ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன்.

ஸ்டீயரிங் திரும்பும் முன் ஆக்சிலில் கமான் பட்டை உள்ள பழைய வண்டிகள் இருக்கின்றன. அவற்றின் முன்பக்கம் பிளாக் வைக்காதீர்கள். பிரேக் போடும்போது முன்பக்கம் வரும் முறுக்கு மிக அதிகம். அங்கே பிளாக் நழுவினால் ஸ்டீயரிங் கையை விட்டுப் போய்விடும்.

சில பிளாக் ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். பின்பக்கம் உயர்ந்ததும் ஜாயிண்ட் ஷாஃப்ட் இன்னும் சரிவாகச் சாயும், அதன் முனையில் மடங்கும் இணைப்பான கிராஸ் கஷ்டப்படும். அதைக் குறைக்க, ஷாஃப்ட் வந்து சேரும் ஹவுசிங்கின் மூக்கைக் கொஞ்சம் மேலே தூக்கிவிடுவதற்குத்தான் இந்த ஆப்பு. மெலிந்த பக்கம் வண்டியின் முன்னால் பார்க்க, தடிமனான பக்கம் பின்னால் பார்க்க வைத்தால் மூக்கு மேலே வரும். மாற்றி வைத்தால் கோணம் இன்னும் கெடும். பிரிப்பதற்கு முன்னாலேயே ஹவுசிங் மூக்கின் தட்டையான இடத்தில் கோணமானியை வைத்து அளவெடுத்துக்கொண்டால், பிறகு எவ்வளவு மாறியது என்று தெரியும்.

யூ போல்ட் கட்டாயம் புதியதாக வேண்டும். ஒருமுறை முழு இறுக்கம் வாங்கிய யூ போல்ட் நீண்டிருக்கும், மரை உருக்குலைந்திருக்கும். அதையே திரும்ப இறுக்கினால் அதே பிடி கிடைக்காது. அதோடு பிளாக்கின் உயரத்துக்குப் பழையது நீளமும் போதாது. பழைய நீளத்தோடு பிளாக்கின் உயரத்தைக் கூட்டினால் புதிய நீளம். கம்பெனி பிளாக்கை எடுத்துவிட்டு வைக்கிறீர்கள் என்றால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கூட்டுங்கள்.

இதோடு பம்ப் ஸ்டாப் பற்றியும் யோசித்துவிடுங்கள். சேஸிஸில் இருக்கும் அந்த ரப்பர், ஹவுசிங் மேலே வந்து இடிக்கும்போது தடுப்பதற்காக இருக்கிறது. பிளாக் வைத்த பிறகு ஹவுசிங் அந்த ரப்பரைத் தொடும்போது, பட்டை முன்னைவிட பிளாக்கின் உயரம் அளவுக்குக் கூடுதலாக வளைந்திருக்கும். பட்டைக்கு அது நல்லதில்லை. ரப்பரையும் அதே அளவு இறக்கிவிடும் ஸ்பேசர் பல கிட்களில் வருகிறது.

வேலைக்கு முந்தின நாள்

யூ போல்ட் நட்டுகள், ஷாக்கின் கீழ் போல்ட் எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து, இரவு முழுக்க ஊறவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான், மறுநாள் ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

எண்ணெய் அடிக்கும்போதே டார்ச் அடித்துப் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். விரிசல், உடைவு, அரித்த துரு இருந்தால் பிளாக் வேலையை நிறுத்திவிட்டு முதலில் பட்டையை மாற்றுங்கள். டகோமாக்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2014-ல் டொயோட்டா, 2005 முதல் 2011 வரையிலான ஏறத்தாழ 6,90,000 டகோமாக்களைத் திரும்ப அழைத்தது. பட்டை முறிந்து, எரிபொருள் தொட்டி உள்ளிட்ட பக்கத்துப் பாகங்களில் இடிக்க வாய்ப்பு இருந்ததுதான் காரணம். பழைய வண்டி வாங்கியிருந்தால், அந்த வேலை முடிந்ததா என்று வண்டியின் அடையாள எண்ணை (VIN) வைத்து விசாரித்துக்கொள்ளலாம்.

கருவிகள்: நல்ல தரை ஜாக்கி இரண்டு, வண்டி எடைக்குத் தகுந்த ஜாக் ஸ்டாண்ட் இரண்டு, சக்கரத்துக்குக் கொடுக்கும் கட்டைகள், ஆழமான சாக்கட் செட், நீளமான கைப்பிடி, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுகியது என்று எண்ணில் காட்டும் ரெஞ்ச்), கடப்பாரை மாதிரி ஒரு நெம்புகோல். சாக்கட் மில்லிமீட்டரிலும் அங்குலத்திலும் இருக்கட்டும். டொயோட்டாவின் பழைய நட்டு மில்லிமீட்டரில் இருக்கும், கிட்டில் வரும் புதிய நட்டு பெரும்பாலும் அங்குலத்தில் இருக்கும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடவேண்டாம். உதிரிபாகக் கடைகள் சிலவற்றில் முன்பணம் வாங்கிக்கொண்டு கருவியைக் கடனாகக் கொடுக்கிறார்கள்.

தூக்குவது

சிமென்ட் தரையில், சமமாக நிறுத்துங்கள். இரண்டு முன் சக்கரத்துக்கும் முன்னாலும் பின்னாலும் கட்டை கொடுங்கள். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தை. பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அதனால் ஒரு பயனும் இல்லை. இரு சக்கர இழுவையில் இருக்கும்போது கியரைப் பார்க்கில் போடுவதும் அப்படித்தான். வண்டியை நிறுத்தி வைத்திருப்பது அந்த நான்கு கட்டைகள்தான்.

பின் சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு, ஹவுசிங்கின் நடுவில் குண்டாக இருக்கும் கிரவுனுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்குங்கள். பட்டையின் முன் முனை சேஸிஸில் மாட்டியிருக்கும் முன்கொக்கிக்குச் சற்று முன்னால், சேஸிஸின் இரண்டு பக்கமும் ஜாக் ஸ்டாண்ட் வையுங்கள். மெதுவாக இறக்கி வண்டியை ஸ்டாண்டில் உட்காரவிட்டு, கையால் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் திரும்பத் தூக்கிச் சரிசெய்யுங்கள். அசையாமல் நின்ற பிறகுதான் அடியில் போக வேண்டும். பின் சக்கரங்களைக் கழற்றி, சேஸிஸுக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள். ஸ்டாண்ட் நழுவினாலும் வண்டி சக்கரத்தின்மேல்தான் விழும்.

இனி ஒரு ஜாக்கியைக் கிரவுனுக்கு அடியிலும், இன்னொன்றை நீங்கள் வேலை செய்யும் பக்கத்து ஹவுசிங் குழாய்க்கு அடியிலும் லேசாகத் தொடும்படி கொண்டுவாருங்கள். கிரவுன் பக்கம் கனமாக இருப்பதால், பிடி விட்டதும் ஹவுசிங் மூக்குப் பக்கமாக உருளப் பார்க்கும்.

கழற்றுவது

இரண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டையும் கழற்றுங்கள். அப்போதுதான் ஹவுசிங் இறங்க இடம் கிடைக்கும். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், ஹேண்ட் பிரேக் கேபிள், ஹவுசிங்கின் மூச்சுக்குழாய் இந்த நான்கையும் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். எங்கே கிளிப் போட்டிருக்கிறது, எவ்வளவு தளர்வு இருக்கிறது என்று தெரிய வேண்டும். இழுபடுகிற கிளிப்பை இப்போதே கழற்றிவிடுங்கள். பிரேக் ஹோஸில் ஹவுசிங் தொங்கக் கூடாது. ஒருமுறை தொங்கினாலும் உள்ளே கிழிந்திருக்கலாம், வெளியே தெரியாது.

1995 முதல் 2004 வரையிலான டகோமாவிலும் பல ஹைலக்ஸ்களிலும் ஹவுசிங்கிலிருந்து சேஸிஸுக்கு ஒரு மெல்லிய கம்பி போகும். பின்பக்கம் எவ்வளவு சுமை இருக்கிறது என்று பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அது. நீங்கள் பின்பக்கத்தை உயர்த்தினால், வண்டி காலியாக இருக்கிறது என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அந்த வண்டிகளில் கம்பியின் பிராக்கெட்டையும் பிளாக்கின் உயரம் அளவுக்கு உயர்த்த வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். மறுபக்க யூ போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி விடுங்கள், கழற்றாதீர்கள். அது கோத்து நின்றால்தான் ஹவுசிங் இடம் மாறாது. வேலைப்பக்கத்தில் நான்கு நட்டையும் கழற்றி, பழைய யூ போல்ட்டையும் அதன் முனைகள் கோத்திருக்கும் தட்டையும் எடுத்துவிடுங்கள். நட்டு அசையவே இல்லை என்றால் சிலர் உடனே கட்டிங் மிஷினை எடுப்பார்கள். டகோமாவில் எரிபொருள் தொட்டி டிரைவர் பக்கம், ஹவுசிங்குக்கு முன்னால்தான் இருக்கிறது. பக்கத்திலேயே பிரேக் குழாய். பொறி பறக்கும் வேலை அங்கே வேண்டாம். இன்னும் எண்ணெய் அடித்து, நீளமான கைப்பிடி போட்டு, பொறுமையாகச் செய்யுங்கள்.

பிளாக்கை உட்காரவைப்பது

இரண்டு ஜாக்கியையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். பட்டை சேஸிஸோடு மேலே நிற்கும், ஹவுசிங் கீழே போகும். பிளாக் நுழையும் அளவுக்கு இடைவெளி வந்ததும் நிறுத்துங்கள். மேடையின் மேற்பரப்பைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று ஆகும்வரை தேயுங்கள். பட்டையின் அடிப்பரப்பையும் அப்படியே. நடுவில் மாட்டிய துருச் செதில் இன்றைக்குக் கெட்டியாகத்தான் இருக்கும். ஆயிரம் மைல் ஓடியதும் நசுங்கித் தூளாகும், அந்த அளவுக்கு யூ போல்ட் தளர்ந்துவிடும். கிரீஸ் எதுவும் தடவாதீர்கள். அங்கே வேண்டியது உராய்வு.

பிளாக்கின் பின்னை மேடைத் துளையில் இறக்குங்கள். ஆப்புப் பிளாக்காக இருந்தால் திசையை இன்னொரு தடவை பாருங்கள். இனி ஜாக்கியை மெல்ல ஏற்றி, சென்டர் போல்ட்டின் தலை பிளாக்கின் குழிக்கு நேராக வருகிறதா என்று பார்க்க வேண்டும். விரலை நடுவில் விட்டுப் பார்க்காதீர்கள். ஒரு ஸ்குரூடிரைவரால் தள்ளிப் பாருங்கள்.

முதல் பக்கம் எங்களுக்கு ஒரே தடவையில் உட்கார்ந்தது. இரண்டாவது பக்கம் முக்கால் மணி நேரம் இழுத்தது.

“அண்ணே, இந்தப் பக்கம் உட்கார மாட்டேங்குதுண்ணே. ஜாக்கிய இன்னும் ஏத்தவா?”

“ஏத்தாத தம்பி. கீழ பாரு, போல்ட் தலை எங்க நிக்குது?”

“குழிக்கு முன்னால. அரை இஞ்ச் இருக்கும்.”

அந்த நிலையில் ஜாக்கியை ஏற்றியிருந்தால், சென்டர் போல்ட்டின் தலை பிளாக்கின் விளிம்பில் நின்றுகொள்ளும், யூ போல்ட் எட்டும், நட்டும் இறுகும். எல்லாம் முடிந்த மாதிரியே தெரியும். நாங்கள் ஜாக்கியை ஓர் அங்குலம் இறக்கி, ஹவுசிங் குழாயில் ராட்செட் பெல்ட்டைப் போட்டு முன்கொக்கிப் பக்கமாக இழுத்தோம். கிளிக் கிளிக் என்று ஒவ்வொரு பல்லாக. தம்பி டார்ச் பிடித்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு ஜாக்கிக் கைப்பிடியை ஒரு தடவை அமுக்கி ஏற்றினேன். உள்ளே டொக் என்று ஒரு சத்தம், கையில் பிடித்திருந்த நெம்புகோல் வரை வந்தது. உட்கார்ந்துவிட்டது.

சத்தம் கேட்டதோடு நம்பிவிடாதீர்கள். பிளாக்கின் ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். பிளாக்குக்கும் மேடைக்கும் நடுவிலோ, பிளாக்குக்கும் பட்டைக்கும் நடுவிலோ ஒரு மயிரிழை வெளிச்சம் வந்தாலும் எங்கோ ஒரு பின் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். இறக்கிவிட்டு மறுபடியும் செய்யுங்கள்.

இறுக்குவது

புதிய யூ போல்ட், தட்டு, வாஷர், நட்டு எல்லாவற்றையும் மாட்டி முதலில் கையால் திருகுங்கள். நான்கு முனையிலும் நட்டுக்கு வெளியே மரை ஒரே நீளம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று கூடவும் ஒன்று குறையவும் இருந்தால் யூ போல்ட் கோணலாக நிற்கிறது. தளர்த்தி நேராக்குங்கள்.

மரையில் எண்ணெய் அடிக்கலாமா கூடாதா என்பதைக் கிட்டோடு வந்த தாளில் பார்த்து அப்படியே செய்யுங்கள். எண்ணெய் பட்ட மரையில் உராய்வு குறையும். ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டினாலும் போல்ட் நிஜத்தில் அதைவிட அதிகமாக இழுபட்டிருக்கும். தாளில் எதுவும் சொல்லவில்லை என்றால் உலர்ந்த மரையிலேயே இறுக்குங்கள்.

குறுக்கும் மறுக்குமாக, மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். முன் உள்பக்கம், பின் வெளிப்பக்கம், முன் வெளிப்பக்கம், பின் உள்பக்கம் என்ற வரிசையில் முதல் சுற்று மூன்றில் ஒரு பங்கு, அடுத்தது மூன்றில் இரண்டு பங்கு, கடைசிச் சுற்று முழு அளவு. அந்த முழு அளவு எவ்வளவு என்பதை கிட்டின் தாள்தான் சொல்ல வேண்டும். பெரிய பிக்கப் கிட்களில் வழக்கமாக வரும் 9/16 அங்குல யூ போல்ட்டுக்கு 85 முதல் 110 அடி-பவுண்டு வரை சொல்வார்கள். மெல்லிய யூ போல்ட்டுக்கு அது அதிகம். காற்றுத் துப்பாக்கியால் (இம்பாக்ட் ரெஞ்ச்) கடைசி இறுக்கம் கொடுக்காதீர்கள். எவ்வளவு இறுகியது என்று அதில் தெரியாது.

கடைசிச் சுற்றை வண்டி தன் பாரத்தோடு நிற்கும்போது செய்வது நல்லது. அதனால் இரண்டு பக்கமும் இரண்டாம் சுற்று வரை இறுக்கிவிட்டு, ஷாக்கை மாட்டி, அதன் போல்ட்டைப் பாதி மட்டும் இறுக்கி, சக்கரம் போட்டு, வண்டியைத் தரையில் இறக்குங்கள். பின்பக்கத்தை நாலு தடவை கையால் அமுக்கி விட்டுவிட்டு, யூ போல்ட்டையும் ஷாக் போல்ட்டையும் முழு அளவுக்குக் கொண்டுவாருங்கள். தொங்கும் நிலையில் ஷாக் போல்ட்டை இறுக்கினால், அதன் ரப்பர் புஷ் முறுக்கியபடியே நின்றுகொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும்.

தரையில் இறக்கிய பிறகு

மறுபடியும் நான்கு இடத்திலும் டேப் பிடித்து எழுதி வைத்ததோடு ஒப்பிடுங்கள். அப்புறம் முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். முன் சக்கரங்கள் நேராக இருக்கட்டும். பிரிப்பதற்கு முன் இரண்டு பக்கமும் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கால் அங்குலம், அரை அங்குலம் மாறியிருந்தால் பின் சரியாக உட்காரவில்லை. அப்படியே ஓட்டினால் வண்டி நாய் ஓடுகிற மாதிரி ஒருக்களித்துப் போகும், டயரும் தேயும்.

கழற்றிய கிளிப் எல்லாம் திரும்பப் போட்டாயிற்றா, ஹோஸில் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். தெருவில் மெதுவாக ஒரு சுற்றுப் போய் இரண்டு மூன்று தடவை பிரேக் போடுங்கள். கிளம்பும்போது மட்டும் அடியில் ஓர் அதிர்வு வந்து, வேகம் எடுத்ததும் நின்றுவிட்டால் அது ஜாயிண்ட் ஷாஃப்டின் கோணம். இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள நீள டகோமாக்களில் இது அடிக்கடி வரும். நடு பேரிங்கைச் சற்று இறக்கும் வாஷர் செட் போட்டால் பெரும்பாலும் போய்விடும். போகாமல் எல்லா வேகத்திலும் அதிர்ந்தால், ஓட்டிக்கொண்டே பழகிக்கொள்ளாதீர்கள், கிராஸ் போய்விடும்.

ஹெட்லைட்டையும் அன்றைக்கே சரிசெய்துவிடுங்கள். முன்பக்கத்தை உயர்த்தியவர்களில் பாதிப்பேர் இதைச் செய்வதே இல்லை. வட கரோலினாவில் 2021 டிசம்பர் முதல், முன் மட்கார்டு பின் மட்கார்டைவிட நான்கு அங்குலமோ அதற்கு மேலோ உயரமாக இருக்கும்படி வண்டியை மாற்றுவதே சட்டப்படி குற்றம். உயரம், பம்பர், விளக்கு பற்றிய விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பிளாக் வாங்கும் முன் உங்கள் மாநில விதியைப் படியுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் டி-மேக்ஸோ ஹைலக்ஸோ வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு: முறை அங்கும் இதேதான், சட்டம் வேறு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

கடைசியாக, மறு இறுக்கம். புதிய யூ போல்ட் முதல் சில நாளில் சற்று நீளும், பெயின்ட் நசுங்கும், பட்டைகள் ஒன்றோடொன்று படியும். நூறு மைல் ஓடியதும் ஒரு தடவை, ஐந்நூறு மைலில் இன்னொரு தடவை டார்க் ரெஞ்ச் பிடிக்க வேண்டும். நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கமான் வேலை பார்த்த வண்டி ஒரு நடை போய்வந்ததும் முதல் வேலையாக யூ போல்ட்டைத்தான் தட்டிப் பார்ப்பார்கள். என் டகோமாவில் நூறு மைலில் எட்டு நட்டில் ஐந்து நட்டு கால் சுற்றுப் போனது. ஐந்நூறில் ஒன்று மட்டும் லேசாக நகர்ந்தது. அன்றைக்கே ஒவ்வொரு நட்டிலிருந்து தட்டு வரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்தேன். இப்போது ஆயில் மாற்றப் படுக்கும்போதெல்லாம் டார்ச் அடித்து எட்டுக் கோடும் முறியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வருகிறேன்.